விதிகள் எவ்வளவு தெரிந்தால் மேசையில் உட்காரலாம்? ரோல்ப்ளேயிங் ஆட்டக்காரர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

எங்கள் குழுவில் ஒருவர் ஆறு மாதம் ரோக் என்ற கள்வன் வகைப் பாத்திரத்தை ஆடினார். ஆட்டம், ஆளுக்கொரு பாத்திரமாக மேசையைச் சுற்றி உட்கார்ந்து பகடை உருட்டிக் கதை வளர்க்கும் ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’; 2014இல் வந்த ஐந்தாம் பதிப்பு விதிகள். சண்டை மூண்டதும் தூண், பீப்பாய், இருட்டு மூலை என்று எதையாவது தேடி ஒளியப் பார்ப்பார். பகடை கைகொடுத்தால் மறைவிலிருந்து குத்தி, ஸ்னீக் அட்டாக்கின் (பதுங்கித் தாக்குதல்) கூடுதல் சேதத்தை உருட்டுவார். கைவிட்டால் வெறும் கத்திக்குத்தோடு சரி. ஒளிந்திருந்தால்தான் ஸ்னீக் அட்டாக் கிடைக்கும் என்று அவர் நினைத்திருந்தார். பெயரும் அப்படித்தானே இருக்கிறது!

விதிப் புத்தகம் சொல்வது வேறு. எதிரிக்கு ஐந்தடிக்குள் நம் கூட்டாளி ஒருவர் நின்று அவனோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாலே போதும். கையில் இருப்பது வில்லாகவோ, குறுவாள் போன்ற லாகவமான ஆயுதமாகவோ இருக்க வேண்டும். தாக்குதல் பாதகமான உருட்டலாக (இரண்டு பகடை உருட்டிச் சிறியதை எடுப்பது) இருக்கக் கூடாது. ஒளிய வேண்டிய அவசியமே இல்லை. ஐந்தாம் நிலை ரோக்குக்கு அந்தக் கூடுதல் சேதம் மூன்று ஆறுமுகப் பகடை, சராசரியாக 10.5 புள்ளி. ஒவ்வொரு சண்டையிலும் எதிரியின் மூக்குக்கு முன்னால் நின்ற கூட்டாளி நான்தான். எனக்கும் அந்த விதி தெரியாது. ஆட்டத்தை நடத்தும் கேம் மாஸ்டரோ, ‘அவருடைய பாத்திரம், அவருக்குத் தெரிந்திருக்கும்’ என்று இருந்துவிட்டார். ரோக் ஆடியவர் தன் பங்குக்கு, ‘ஏதாவது விட்டுப்போனால் கேம் மாஸ்டர் சொல்வார்’ என்று இருந்தார். ஆறு மாதம் இப்படியே ஓடியது.

விதி தெரியாததால் ஆட்டம் கெட்டுப்போகவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். நன்றாகவே சிரித்து ஆடினோம். ஆனால் அவர் மட்டும் தன் பாத்திரம் பலவீனமானது என்றே ஆறு மாதமும் நம்பிக்கொண்டிருந்தார்.

அன்றிலிருந்து யாராவது ‘விதி எவ்வளவு தெரிய வேண்டும்?’ என்று கேட்டால் நான் சொல்லும் அளவுகோல் இது: ஒரு காரியத்தில் இறங்கும் முன்பு, அது கைகூடுமா, கைகூடாவிட்டால் என்ன போகும் என்று ஆட்டக்காரர் தானே தோராயமாகக் கணிக்க முடிய வேண்டும். அந்தக் கணிப்புக்குத் தேவையான விதிகள் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். மீதியைப் புத்தகம் பார்த்துக்கொள்ளும்.

இந்தக் கேள்வி புதிதல்ல

பிரஷ்ய ராணுவ அதிகாரியான இளைய ரைஸ்விட்ஸ் 1824இல் வெளியிட்ட ‘கிரீக்ஸ்ஷ்பீல்’ போர் ஆட்டத்தில் பகடையும் அட்டவணைகளும் நிறைய. விதிகளின் கனம் பல அதிகாரிகளைத் திணறடித்தது. 1876இல் வெர்டி து வெர்னுவா என்ற தளபதி அட்டவணைகளை ஓரம்கட்டிவிட்டு, அனுபவம் வாய்ந்த நடுவர் தீர்ப்புச் சொன்னால் போதும் என்ற முறையை முன்வைத்தார். ஆடுபவர் உத்தரவு கொடுக்கட்டும், விளைவை நடுவர் சொல்லட்டும் என்பது அதன் சாரம்.

கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் உருவாக்கிய ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ 1974இல் வந்தபோது இந்த இரண்டு மரபுகளும் அதற்குள் கலந்திருந்தன. 1978இல் வந்த ஆட்டக்காரர் கையேட்டில், தாக்குதல் பட்டதா இல்லையா என்று பார்க்கும் அட்டவணைகூடக் கிடையாது. அது மறு ஆண்டு வந்த டன்ஜன் மாஸ்டர் (இந்த ஆட்டத்தில் கேம் மாஸ்டரின் பெயர்) கையேட்டில் இருந்தது. அந்தப் புத்தகத்தை ஆட்டக்காரர்கள் தொடுவதையே கைகாக்ஸ் விரும்பவில்லை. 1984இல் வெளிவந்த ‘பாரனாயா’ இதைக் கேலியாகவே எடுத்துக்கொண்டது. அந்த ஆட்டத்தில் விதிகள் தெரிந்ததாக ஓர் ஆட்டக்காரர் காட்டிக்கொண்டால் அது தேசத்துரோகம். பாத்திரத்தின் உயிர் போகலாம்.

ஆக, ‘எல்லாரும் எல்லா விதியையும் படித்துவிட்டு வர வேண்டும்’ என்பது இந்தக் கலையின் ஆதி வேதம் ஒன்றும் இல்லை. இன்றைய ஆட்டங்களுக்கு எவ்வளவு பொருந்துமோ அவ்வளவுக்குத்தான் அதை எடுத்துக்கொள்ள வேண்டும்.

முதல் படி: எந்த ஆட்டம் என்று பாருங்கள்

விதிச் சுமை ஆட்டத்துக்கு ஆட்டம் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். 2019இல் வந்த ‘பாத்ஃபைண்டர்’ இரண்டாம் பதிப்பின் அடிப்படைப் புத்தகம் 640 பக்கம். ஜான் ஹார்ப்பரின் ‘லேசர்ஸ் அண்ட் ஃபீலிங்ஸ்’ ஒரே ஒரு பக்கம். இரண்டிலிருந்து ஐந்துக்குள் ஓர் எண்ணைத் தேர்ந்துகொள்ளுங்கள்; அறிவு சார்ந்த காரியம் என்றால் அதற்குக் கீழே உருட்ட வேண்டும், உணர்வு சார்ந்தது என்றால் அதற்கு மேலே. ஆட்டத்தின் இதயமே இவ்வளவுதான். முன்னதற்குத் தேவையான தயாரிப்பைப் பின்னதற்குச் செய்தால் அது வீண் வேலை.

பக்க எண்ணிக்கையைவிட முக்கியமான இன்னொன்று இருக்கிறது: விதியின் பாரம் யார் தோளில் விழுகிறது என்பது. இதைப் பலர் கவனிப்பதில்லை.

‘கால் ஆஃப் கதுலு’ என்ற திகில் ஆட்டம் 1981 முதல் ஆடப்படுகிறது. ஆட்டக்காரர் பக்கம் பாரம் மிகக் குறைவு. உங்கள் பாத்திரத்தின் திறன்களைக் குறித்த தாளில் ‘நூலக ஆய்வு 60’ என்று இருந்தால், நூறுக்கு உருட்டும் பகடையில் 60 அல்லது அதற்குக் கீழே வர வேண்டும். ஏழாம் பதிப்பில் தோற்ற உருட்டலை ஒருமுறை மறுபடி முயலலாம். அதிலும் தோற்றால் நிலைமை முன்பைவிட மோசமாகும். இவ்வளவு தெரிந்துகொண்டு ஒருவர் முதல் நாளே நிம்மதியாக ஆடலாம். மீதிப் பயங்கரங்களை நடத்துபவர் சுமப்பார்.

2017இல் வந்த ‘பிளேட்ஸ் இன் தி டார்க்’ நேர் எதிர். காட்சிக்கு நடுவே ‘நேற்றே காவலாளிக்குப் பணம் கொடுத்துவிட்டேன்’ என்று பின்னோக்கிப் போகலாம். கேம் மாஸ்டர் சொல்லும் பாதகத்தை ஏற்க மாட்டேன் என்று எதிர்த்து உருட்டலாம். பையில் என்ன எடுத்துவந்தோம் என்பதை அந்தந்தக் கணத்தில் தீர்மானிக்கலாம். இவை எல்லாம் ஆட்டக்காரர் கையில் உள்ள கருவிகள். அவர் கேட்டால்தான் நடக்கும். எதிர்த்து உருட்டலாம் என்பதே தெரியாதவர், கேம் மாஸ்டர் சொல்லும் காயத்தை எல்லாம் வாங்கிக்கொண்டு, ‘என்ன கொடுமையான ஆட்டம் இது’ என்று வீட்டுக்குப் போய்விடுவார். எங்கள் ரோக்கின் கதைதான் இதுவும்.

எனவே புது ஆட்டம் என்றதும் நடத்தப்போகிறவரிடம் கேளுங்கள்: ‘நான் கேட்டால் மட்டுமே நடக்கும் விஷயங்கள் இதில் என்னென்ன?’ பதிலில் வரும் பட்டியல்தான் உங்கள் பாடத்திட்டம்.

இரண்டாம் படி: முதல் நாளுக்கு முன்பு

முதல் நாளுக்கு முழுப் புத்தகம் வேண்டாம். ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ போன்ற நடுத்தர எடையுள்ள ஆட்டத்துக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கினால் போதும். அதன் அடிப்படை விதிகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. 2023 ஜனவரியில் ஐந்தாம் பதிப்பின் அடிப்படை ஆவணம் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளியிடப்பட்டது. பாத்ஃபைண்டர் விதிகளையும் அப்படியே இலவசமாகப் படிக்கலாம். புத்தகம் வாங்கவில்லை என்பது இனி சாக்காகாது.

அந்த ஒரு மணி நேரத்தில் முக்கால்வாசியை அடிப்படை உருட்டலுக்குக் கொடுங்கள். இருபதுமுகப் பகடை, அதோடு தாளில் உள்ள ஓர் எண். கூட்டுத்தொகை இலக்கு எண்ணைத் தொட வேண்டும். எல்லாரும் இதுவரைதான் படிக்கிறார்கள். அதற்கடுத்த அடிதான் ஆட்டத்தை மாற்றுகிறது: அந்த எண்களை வாய்ப்பாக மாற்றிப் பார்ப்பது.

உங்கள் போர்வீராங்கனைக்கு வலிமை 16, அதனால் கூட்டல் 3. தடகளத்தில் பயிற்சி இருப்பதால் இன்னொரு 2. மொத்தம் 5. ஆற்று வெள்ளத்தில் எதிர்நீச்சல் போட இலக்கு 15 என்கிறார் கேம் மாஸ்டர். பகடையில் 10 அல்லது அதற்கு மேல் வர வேண்டும். இருபது முகங்களில் பதினொன்று உங்களுக்குச் சாதகம், அதாவது 55 சதவீதம். பூவா தலையா போடுவதைவிடச் சற்றே மேல். உயிரைப் பணயம் வைக்க இது போதாது. ஆனால் கரையிலிருந்து கூட்டாளி ஒருவர் கயிறு வீசி உதவினால் அது சாதக உருட்டலாகும். இரண்டு பகடை உருட்டிப் பெரியதை எடுத்துக்கொள்ளலாம். இரண்டும் சேர்ந்து தோற்கும் வாய்ப்பு 0.45 பெருக்கல் 0.45, சுமார் 20 சதவீதம். வெல்லும் வாய்ப்பு 80ஐத் தொட்டுவிடுகிறது. ‘யாராவது கயிறு பிடியுங்கள்!’ என்று நீங்கள் கத்துவதற்கான காரணம் இந்தக் கணக்கில் இருக்கிறது. விதி தெரிந்ததால் கதை வறண்டுபோகும் என்பார்கள். இங்கே விதி தெரிந்ததால்தான் கயிறும் கரையில் ஓர் ஆளும் கதைக்குள் வந்தார்கள்.

மிச்சக் கால் மணி நேரத்தில் மூன்றைப் பாருங்கள். ஒரு முறைக்கு என்னென்ன செய்யலாம் (நகர்வு, ஓர் ஆக்‌ஷன், ஏதாவது திறன் அனுமதித்தால் ஒரு போனஸ் ஆக்‌ஷன், பிறர் முறையில் ஒரு ரியாக்‌ஷன்). உங்கள் தாளில் எந்த எண் எங்கே இருக்கிறது. உயிர்ப்புள்ளி பூஜ்யமானால் என்ன ஆகும். போதும். பிடிபோடுவது, மறைப்பு, நீருக்கடிச் சண்டை, பயணக் களைப்பு எல்லாம் வரும்போது பார்த்துக்கொள்ளலாம்.

மூன்றாம் படி: உங்கள் பாத்திரத்துக்கு நீங்களே ஆசான்

மூன்று நான்கு செஷன் கழிந்ததும் எதிர்பார்ப்பு மாறும். மாற வேண்டும். பொது விதிகளில் கேம் மாஸ்டர் உங்களைவிடத் தேர்ந்தவராக இருக்கலாம். ஆனால் உங்கள் பாத்திரத்தின் சிறப்புத் திறன்களில் அவரைவிட நீங்கள் தேர்ந்தவராக இருக்க வேண்டும். ஐந்து பேருடைய மந்திரங்களையும், எதிரே நிற்கும் ஆறு அரக்கர்களின் திறன்களையும் ஒரே தலையில் ஏற்றுவது நியாயமில்லை.

இதில் அதிகம் வழுக்கி விழுகிறவர்கள் மந்திரக்காரர்கள். எங்கள் மேசையில் நடந்த ஒன்று: குழுவின் கிளெரிக் (பூசாரி வகைப் பாத்திரம்) முதல் சுற்றில் மூன்று பேருக்கு ‘பிளெஸ்’ போட்டார். அடுத்த சுற்றில் எனக்கு ‘ஷீல்ட் ஆஃப் ஃபெய்த்’ போட்டு என் பாதுகாப்பை இரண்டு புள்ளி உயர்த்தினார். எல்லாருக்கும் மகிழ்ச்சி. இரண்டுமே கான்சன்ட்ரேஷன் மந்திரங்கள், அதாவது போட்டவரின் கவனம் கலையாதவரைதான் நிலைப்பவை. ஒரு நேரத்தில் ஒன்றுதான் நிலைக்கும். இரண்டாவது வந்த கணமே முதலாவது போய்விட்டது என்பது சண்டை முடிந்து கால் மணி நேரம் கழித்துத்தான் உறைத்தது. அதற்குள் பிளெஸ் தரும் நான்குமுகப் பகடையைக் கூட்டிக் கூட்டி மூன்று பேர் பல தாக்குதல்களை ஒப்பேற்றியிருந்தோம். அதோடு அவர் இரண்டு முறை அடியும் வாங்கியிருந்தார். ஒவ்வோர் அடிக்கும், வாங்கிய சேதத்தில் பாதி அல்லது பத்து, இரண்டில் எது பெரியதோ அதை இலக்காக வைத்து மந்திரம் கலையாமல் காக்க ஒரு சேவிங் த்ரோ (பாதகத்தைத் தாங்க உருட்டும் உருட்டல்) உருட்டியிருக்க வேண்டும். அதையும் யாரும் உருட்டவில்லை.

இதற்கு மருந்து மனப்பாடம் செய்வதில் இல்லை. மந்திரத்துக்கு ஒரு வரி என்று உங்கள் கையெழுத்தில் எழுதுங்கள்:

பிளெஸ்: ஒரு ஆக்‌ஷன், 30 அடி, மூவர், தாக்குதலுக்கும் சேவிங் த்ரோவுக்கும் ஒரு நான்குமுகப் பகடை கூட்டல், ஒரு நிமிடம், கான்சன்ட்ரேஷன்.

ஃபயர்பால்: ஒரு ஆக்‌ஷன், 150 அடி, 20 அடி ஆரம், நம்மவரும் வேகுவர், எட்டு ஆறுமுகப் பகடை, சுறுசுறுப்பு சேவிங் த்ரோவில் தப்பினால் பாதி.

‘நம்மவரும் வேகுவர்’ என்பது விதிப் புத்தகத்தில் இப்படி இல்லை. அது அனுபவம் எழுதிய வரி. இதுபோன்ற வரிகள் உங்களுக்கும் சேரும். அச்சிட்ட மந்திர அட்டைகள் விற்கின்றன, செயலிகள் இருக்கின்றன. அவை தேடித்தரும், நினைவில் தங்கவைக்காது. கையால் எழுதியவருக்கு இரண்டாவது செஷனில் அந்தத் தாளே தேவைப்படாது.

நினைவைக் குழப்பும் இன்னோர் எதிரி, கேள்விப்பட்ட விதி. 2014 விதிகளில் குணமாக்கும் மருந்தைக் குடிக்க ஒரு முழு ஆக்‌ஷன் வேண்டும். 2024 திருத்தத்தில் போனஸ் ஆக்‌ஷன் போதும். பிடிபோடுதல் 2014இல் இருவரும் உருட்டும் போட்டி. 2024இல் பிடிபடுகிறவர் உருட்டும் சேவிங் த்ரோ. 2023இல் வந்த ‘பால்டர்ஸ் கேட் 3’ கணினி ஆட்டத்தை ஆடிவிட்டு மேசைக்கு வருகிறவர்கள், திறன் சோதனையில் 20 விழுந்தாலே வெற்றி என்று துள்ளுவார்கள். அந்தக் கணினி ஆட்டத்தில் அப்படித்தான். மேசை விதிப்படி, தானாக வெற்றி தரும் 20 தாக்குதல் உருட்டலுக்கு உரியது. திறன் சோதனைக்கு அந்தச் சலுகை இல்லை. ‘எங்கேயோ படித்தேன்’ என்று தோன்றும் விதியை எந்தப் பதிப்பில் படித்தீர்கள் என்று ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள்.

நான்காம் படி: உங்கள் முறை வரும் முன்பே தயாராகுங்கள்

ஐந்து பேர், ஆளுக்கு மூன்று நிமிடம் என்றால் ஒரு சுற்று வரக் கால் மணி நேரம். அரக்கர்களின் முறையையும் சேர்த்தால் இருபது நிமிடம்கூட ஆகலாம். ஆட்டத்துக்குள் அது ஆறே விநாடி. உங்கள் முறை வந்த பிறகு தாளைப் புரட்ட ஆரம்பித்தால் மற்ற நால்வரும் கைப்பேசியை எடுத்துவிடுவார்கள். விதி தெரியாதவரை யாரும் வெறுப்பதில்லை. காக்கவைப்பவர்மேல்தான் கடுப்பு வரும்.

பக்கத்தில் இருப்பவர் ஆடும்போதே உங்கள் திட்டத்தை முடிவு செய்யுங்கள். தாக்குதல் பகடையையும் சேதப் பகடையையும் சேர்த்தே உருட்டுங்கள். திறனைப் பற்றி ஐயம் இருந்தால் அடுத்தவர் முறையிலேயே தாழ்ந்த குரலில் கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள். திட்டம் இல்லாவிட்டால் ‘தற்காப்பில் நிற்கிறேன்’ என்று சொல்லிவிட்டு அடுத்தவருக்கு வழிவிடுவதும் கௌரவமான ஆட்டம்தான்.

ஐந்தாம் படி: யாருக்குமே தெரியாதபோது

இதுதான் எந்த மேசையிலும் அடிக்கடி நடப்பது. பாலத்தின் நடுவில் நிற்கும் எதிரியைத் தள்ளிவிடப் பார்க்கிறீர்கள். தள்ளுவதற்கு விதி உண்டு என்று எல்லாருக்கும் தெரியும், என்ன விதி என்று ஒருவருக்கும் நினைவில்லை. நான்கு பேர் நான்கு பக்கம் தேடத் தொடங்கினால் அந்தப் பாலத்தின் பதற்றம் அங்கேயே செத்துவிடும். 2000இல் வந்த மூன்றாம் பதிப்பில் பிடிபோடும் விதிக்கு இப்படி ஒரு கெட்ட பெயரே உண்டு. முதலில் தொடு தாக்குதல், அதற்கு எதிராளியின் வாய்ப்பு அடி, பிறகு எதிரெதிர் உருட்டல், பிறகு அவனுடைய கட்டத்துக்குள் நுழைவது என்று ஒருவனைக் கட்டிப்பிடிக்கவே அத்தனை கட்டம் தாண்ட வேண்டும்.

எங்கள் மேசையில் இரண்டு நிமிடக் கணக்கு வைத்திருக்கிறோம். அதற்குள் கிடைத்தால் விதிப்படி. கிடைக்காவிட்டால் கேம் மாஸ்டர் அந்த இடத்திலேயே ஒரு தீர்ப்புச் சொல்வார்: ‘தடகளம் உருட்டுங்கள், இலக்கு 15.’ ஆட்டம் நகரும். ஒருவர் அதை ஒரு தாளில் குறித்துக்கொள்வார். செஷன் முடிந்ததும் சரியான விதியைத் தேடி அடுத்த முறை முதல் அதைப் பின்பற்றுவோம். பழைய முடிவைத் திருத்துவதில்லை. பாலத்திலிருந்து விழுந்தவன் விழுந்தவன்தான்.

ஒரு விலக்கு உண்டு. தீர்ப்பில் ஒரு பாத்திரத்தின் உயிர் தொங்கிக்கொண்டிருந்தால் எவ்வளவு நேரமானாலும் புத்தகத்தைத் திறந்துவிடுங்கள். சாகும் தறுவாயில் உருட்டும் மரண சேவிங் த்ரோவில் 1 விழுந்தால் அது இரண்டு தோல்வியாகக் கணக்காகும். 20 விழுந்தால் ஓர் உயிர்ப்புள்ளியோடு எழுந்துவிடலாம். இதைத் தவறாக நினைவில் வைத்து ஒரு வருடம் ஆடிய பாத்திரத்தைச் சாகடித்துவிட்டு, மறுவாரம் மன்னிப்புக் கேட்பது யாருக்கும் இன்பமில்லை. 

ஆறாம் படி: கேம் மாஸ்டருக்கு எவ்வளவு தெரிய வேண்டும்?

பலர் கேம் மாஸ்டராகத் தயங்குவதே எல்லா விதியும் தெரிய வேண்டும் என்ற பயத்தால்தான். அப்படி யாரும் இல்லை. பல வருடம் நடத்தியவர்களும் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

அடிப்படை உருட்டலும், இலக்கு எண்களின் அளவும் தலைகீழாகத் தெரிந்திருக்க வேண்டும். எளிதானதற்கு 10, நடுத்தரத்துக்கு 15, கடினத்துக்கு 20, மிகக் கடினத்துக்கு 25. இந்த ஏணி ஒன்று கையில் இருந்தால் புத்தகத்தில் இல்லாத நூறு காரியங்களைச் சமாளிக்கலாம். அதற்கு மேல், இன்று இரவு வரப்போகும் காட்சிகளுக்கான விதிகள் மட்டும் போதும். மூழ்கிய கோயிலுக்குள் சண்டை என்று திட்டமிட்டிருந்தால் நீருக்கடிச் சண்டைப் பத்தியைப் படித்துவிட்டு வாருங்கள். 2014 விதிகளில் அது அரைப் பக்கம்கூட இல்லை: நீந்தும் வேகம் இல்லாதவர் குத்துவாள், ஈட்டி, திரிசூலம் போன்ற சில ஆயுதங்கள் தவிர மற்றவற்றால் பாதகமாகவே தாக்குவார், முழுதும் நீரில் மூழ்கியவரை நெருப்பு பாதிதான் சுடும். இதைப் படிக்காமல் போனால், ஃபயர்பால் போடும் ஆட்டக்காரர் படித்துவிட்டு வந்திருப்பார்.

அரக்கர்களின் பக்கத்தையும் முன்கூட்டியே பாருங்கள். ஒவ்வோர் அரக்கனும் முதல் மூன்று சுற்றில் என்ன செய்வான் என்று ஒரு வரி எழுதிவையுங்கள். நான்காவது சுற்றுவரை அவன் உயிரோடு இருப்பது அரிது.

மற்ற வேலைகளைப் பங்கிடுங்கள். முறை வரிசையை ஒருவர் கவனிக்கட்டும், புத்தகத்தில் தேடுவதை இன்னொருவர் பார்க்கட்டும். குழுவில் விதிப்பித்து உள்ளவர் எவரோ, தேடும் வேலையை அவருக்கே கொடுங்கள். குறுக்கிட்டுக்கொண்டிருந்தவர் உதவியாளராக மாறிவிடுவார். இது பலிப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். ஹவுஸ் ரூல் (உங்கள் மேசைக்கென்று நீங்களே வகுத்த விதி) ஏதும் வைத்திருந்தால் அவற்றை ஒரு பக்கத்தில் எழுதி எல்லாருக்கும் கொடுங்கள். வாய்மொழி ஹவுஸ் ரூல் மூன்றே மாதத்தில் மூன்று வடிவம் எடுத்துவிடும்.

ஏழாம் படி: அதிகம் தெரிந்தவருக்கு

விதி வக்கீல் என்று ஒரு இனம் எல்லா மேசையிலும் உண்டு. நானும் கொஞ்ச காலம் அந்தக் கறுப்புக் கோட்டைப் போட்டிருந்தேன். ரோக் விவகாரத்துக்குப் பிறகு புத்தகத்தை அட்டை முதல் அட்டை வரை படித்துவிட்டு, வாய்க்கு வந்த இடத்தில் எல்லாம் திருத்த ஆரம்பித்தேன். ஒரு நாள் கேம் மாஸ்டர் ஒரு தாழ்வாரத்தின் இருட்டை வர்ணித்துக்கொண்டிருந்தார். பாதியில் புகுந்து, தீப்பந்தம் எத்தனை அடிக்கு வெளிச்சம் தரும் என்று சொன்னேன். சொன்னது சரிதான். அதன் பிறகு அவர் வர்ணிக்கவில்லை. ‘இருட்டாக இருக்கிறது’ என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த அறைக்குப் போய்விட்டார். அன்று புரிந்தது.

இப்போது நான் கடைப்பிடிப்பது: ஒருமுறை சொல்வேன், சுருக்கமாக. கேம் மாஸ்டர் வேறு முடிவு எடுத்தால் விட்டுவிடுவேன்; பேச வேண்டியதைச் செஷன் முடிந்தபின் பேசுவேன். எனக்குப் பாதகமான விதியையும் அதே குரலில் சொல்வேன். ‘என் கான்சன்ட்ரேஷனுக்கு உருட்ட மறந்துவிட்டோம்’ என்று தானாகச் சொல்லும் ஆளின் பேச்சை, அடுத்த முறை அவர் தனக்குச் சாதகமான விதியைச் சொல்லும்போதும் நம்புவார்கள். புதியவரைத் திருத்துவதில்லை, அவருக்கு வாய்ப்பைக் காட்டுவேன்: ‘உங்களுக்கு இன்னும் போனஸ் ஆக்‌ஷன் இருக்கிறது’ என்பதோடு நிறுத்திக்கொள்வேன். அதில் என்ன செய்யலாம் என்று பட்டியல் போட்டால் அவருடைய பாத்திரத்தை நான் ஆட ஆரம்பித்துவிட்டேன் என்று அர்த்தம்.

அரக்கர்களைப் பற்றிய அறிவு வேறு கணக்கு. டிரோலின் காயம் நெருப்போ அமிலமோ பட்டால்தான் ஆறாமல் நிற்கும் என்பது அனுபவசாலிகள் எல்லாருக்கும் தெரியும். முதன்முறை டிரோலைப் பார்க்கும் உங்கள் பாத்திரத்துக்குத் தெரியுமா? கேம் மாஸ்டரிடம் கேளுங்கள். ‘ஊர்க் கதைகளில் கேட்டிருப்பாய்’ என்பார், அல்லது ஒரு அறிவுச் சோதனை உருட்டச் சொல்வார். தெரியாததுபோல் மூன்று சுற்று நடித்துவிட்டுத் தற்செயலாகத் தீப்பந்தத்தைத் தவறவிடுவது மட்டும் வேண்டாம். அந்த நாடகம் எல்லாருக்கும் தெரிந்துவிடும்.

படிக்கவே மாட்டேன் என்பவரை என்ன செய்வது?

ஒரு வருடம் ஆகியும் எந்தப் பகடை இருபதுமுகப் பகடை என்று கேட்பவர் உண்டு. முதலில் காரணத்தைப் பாருங்கள். சிலர் நண்பர்களோடு இருக்க வருகிறார்கள். கதை பேச வருகிறார்கள். எண்கள் அவர்களுக்கு இரைச்சல். அவர்களுக்கு எளிய பாத்திரம் ஒன்றைக் கொடுங்கள். 2014 விதிகளில் சாம்பியன் வகைப் போர்வீரனுக்கு நினைவில் வைக்க வேண்டியது மிகக் குறைவு. மந்திரவாதியைக் கொடுத்துவிட்டுப் புலம்புவது நம் தவறு. ஒரு அட்டையில் மூன்று வரி எழுதிக் கொடுங்கள்: அடிக்க இதை உருட்டு, சேதத்துக்கு இதை உருட்டு, மூச்சு வாங்க இது. குழுவில் பாதிப் பேர் அப்படி என்றால் ஆட்டத்தையே மாற்றிப் பாருங்கள். ‘அபோகலிப்ஸ் வேர்ல்ட்’ வழிவந்த ஆட்டங்களில் இரண்டு ஆறுமுகப் பகடை போதும். 10க்கு மேல் போனால் முழு வெற்றி, 7 முதல் 9 வரை விலையோடு வெற்றி, 6க்குக் கீழே சிக்கல். அவரவர் செய்யக்கூடியது அவரவர் தாளிலேயே அச்சாகியிருக்கும். 10 என்பதும் முழு வெற்றிதான், அதை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். 6 சிக்கல் என்பதையும்.

சோம்பலால் படிக்காதவர் வேறு. தன் பாத்திரத்தைப் பக்கத்தில் இருப்பவர் ஓட்டட்டும் என்று இருப்பவரிடம், செஷனுக்கு வெளியே, தனியாக, நேராகப் பேசிவிடுவதுதான் ஒரே வழி. மேசையில் எல்லார் முன்னாலும் சொன்னால் அது அவமானம். சொல்லாமலே இருந்தால் மற்றவர்கள் ஒவ்வொருவராக வர முடியாத காரணம் சொல்ல ஆரம்பிப்பார்கள்.

நிலை உயரும்போதெல்லாம் மறுபடி

விதி கற்பது ஒருமுறை முடிந்துவிடுகிற காரியம் இல்லை. ஐந்தாம் நிலையில் போர்வீரனுக்கு இரண்டாவது தாக்குதல் கிடைக்கிறது. மந்திரவாதிக்கு மூன்றாம் நிலை மந்திரங்கள் திறக்கின்றன, ஃபயர்பால் உட்பட. அதுவரை சரளமாக ஆடியவர்கள் அந்த வாரம் மறுபடி தடுமாறுவார்கள். நிலை உயர்வை ஒரு செஷனின் முடிவில் கொடுத்துவிடுங்கள். புதிதாகக் கிடைத்ததை வீட்டில் படித்து, தாளில் எழுதி, அடுத்த முறை ஆட்டம் தொடங்கும் முன்பு ஒவ்வொருவரும் ஒரு நிமிடம் மற்றவர்களுக்குச் சொல்லட்டும். எங்கள் ரோக் ஏழாம் நிலைக்கு வந்த அன்று எழுந்து நின்று, இனி ஃபயர்பாலில் தப்பி உருட்டினால் தனக்குச் சேதமே கிடையாது என்று அறிவித்தார். மந்திரவாதி உடனே தன் வரியில் ‘நம்மவரும் வேகுவர்’ என்பதற்குப் பக்கத்தில் ‘ரோக் தவிர’ என்று எழுதிக்கொண்டார். தோற்று உருட்டினால் ரோக்குக்கும் பாதி சேதம் உண்டு என்று நான் ஒருமுறை, சுருக்கமாக, சொன்னேன்.